பாலியஸ்டர் உற்பத்தி பெருகியபோதும் இழை வணிகப் புள்ளிவிவரத்தில் அது ஏன் தெரிவதில்லை?

நூல்நோக்கி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். உலக ஜவுளி வணிகத்தின் கடந்த கால் நூற்றாண்டுப் போக்கைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்காக அட்டவணைகள் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு முரண்பாடு என்னை மேலே நகரவிடாமல் நிறுத்தியிருக்கிறது. 2000ஆம் ஆண்டில் உலகில் உற்பத்தியான எல்லா வகை இழைகளும் சேர்ந்து ஏறத்தாழ 5.8 கோடி டன். 2023இல் அது ஏறத்தாழ 12.4 கோடி டன். இந்த வளர்ச்சியின் பெரும்பகுதி பாலியஸ்டருடையது. 2023இன் மொத்தத்தில் அதன் பங்கு 57 விழுக்காடு, பருத்தியின் பங்கோ 20 விழுக்காடு அளவுதான்.

ஆனால் சுங்கக் குறியீட்டின் 54, 55ஆம் அத்தியாயங்களில், அதாவது செயற்கைத் தொடர் இழைகளும் வெட்டு இழைகளும் இடம்பெறும் பகுதிகளில், இழையாகவே நாடு கடந்து போன எடையைக் கூட்டிப் பார்த்தால் உற்பத்தியோடு ஒப்பிட அது மிகவும் சிறிதாக இருக்கிறது. பருத்தியில் அப்படி இல்லை. ஆண்டு விளைச்சலான சுமார் 2.4 கோடி டன்னில் ஒரு கோடி டன்னை ஒட்டிய பஞ்சு பேல் பேலாக எல்லை தாண்டுகிறது. மூன்று மடங்கு உற்பத்தியாகும் பொருள் ஏன் பருத்தியைப் போலப் பயணம் செய்வதில்லை? நான் தவறான அத்தியாயத்தில் தேடுகிறேனா? நாடுவாரியாக ஜவுளி இறக்குமதிக்கு வரம்பு வைத்த கோட்டா முறை 2005இல் முடிவுக்கு வந்ததுதான் சீனாவின் எழுச்சிக்குக் காரணம் என்று பல கட்டுரைகள் ஒற்றை வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன. அந்த விளக்கம் செயற்கை இழைக்கும் பொருந்துமா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உருகுநிலை

நண்பருக்கு வணக்கம். தாங்கள் பார்க்கும் அத்தியாயங்கள் சரியானவைதாம். ஆனால் பாலியஸ்டரின் வரலாற்றில் பாதி அந்த அத்தியாயங்களுக்கு முன்பும், மீதி அவற்றுக்குப் பின்பும் நிகழ்ந்துவிடுகிறது. பருத்தி மழையையும் மண்ணையும் நம்பி விளைவது. விளைகிற இடத்திலிருந்து நூற்கிற இடத்துக்கு அதைக் கொண்டுபோயே தீர வேண்டும். பாலியஸ்டருக்கு அந்தக் கட்டு இல்லை. எங்கே தறி ஓடுகிறதோ அங்கேயே ஆலையைக் கட்டிக்கொள்ளலாம். அதனால் கடல் கடப்பது இழையாக இருக்க வேண்டிய தேவையில்லை. இழைக்கு முந்தைய வேதிப்பொருளாகவோ, பிந்தைய துணியாகவோ, தைத்த ஆடையாகவோ இருந்தால் போதும்.

தொழில்நுட்பம் இதை எப்படி இறுக்கிப் பிடிக்கிறது என்பதைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். கச்சா எண்ணெயிலிருந்து பிரியும் நாப்தாவிலிருந்து பாராசைலீன், அதிலிருந்து பி.டி.ஏ. எனப்படும் வெள்ளைத்தூள், இன்னொரு பக்கம் எத்திலீனிலிருந்து எம்.இ.ஜி. எனப்படும் கிளைக்கால் திரவம். ஒரு டன் பாலியஸ்டருக்கு ஏறத்தாழ 0.86 டன் பி.டி.ஏ.வும் 0.34 டன் எம்.இ.ஜி.யும் தேவை, கூடுதல் எடை பெரும்பாலும் நீராகப் பிரிந்துவிடும். பழைய ஆலைகளில் இந்தப் பாலிமரைக் குளிரவைத்துச் சிப்ஸாக வெட்டி, மூட்டை கட்டி, வேறோர் ஆலைக்கு அனுப்பி, அங்கே மறுபடி உருக்கி இழை எடுத்தார்கள். இன்றைய பெரிய ஆலைகளில் சிப்ஸ் என்ற இடைநிலையே இல்லை. தொடர்ச்சியாக இயங்கும் கலத்திலிருந்து 280 பாகை செல்சியஸுக்கு மேல் உருகிய நிலையிலேயே பாலிமர் குழாய் வழியாக வந்து, மயிரிழைத் துளைகள் கொண்ட தகட்டைக் கடந்து, குளிர்காற்றில் உறைந்து, நிமிடத்துக்கு 3,000 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாபினில் சுற்றப்படுகிறது. ஒருமுறை உருக்கும் செலவு மிச்சமாகிறது. இந்தத் தொழிலில் லாபம் அந்த அளவுக்கு மெல்லியது. அந்த மிச்சமே ஓர் ஆலை பிழைக்குமா மூடுமா என்பதை முடிவுசெய்துவிடும்.

இப்படிக் கிடைக்கும் பி.ஓ.ஒய். என்ற நூல் முழுமையாக இழுக்கப்படாத நூல். நாள் கடக்கக் கடக்க அதன் தன்மை மெல்ல மாறும். பல வாரங்கள் கிடங்கிலும் கப்பலிலும் கிடந்தால், அடுத்த கட்டமான டெக்ஸ்சரிங் எந்திரத்தில் சீராக ஓடாது, சாயமும் ஒரே மாதிரி ஏறாது. ஆகவே பி.ஓ.ஒய். எடுக்கிற இடத்துக்கு அருகிலேயே அதைச் சூடாக்கி முறுக்கிச் சுருள் ஏற்றும் டி.டி.ஒய். பட்டறைகளும், அவற்றை ஒட்டித் தறிகளும் அமைவது இயல்பாகிவிட்டது. சீனாவின் ஷெங்ஸே, ஷாவோஷிங் நகரின் கெச்சியாவ் போன்ற இடங்களில் நூலும் தறியும் சாயமும் சந்தையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இடையில் துறைமுகம் வரும் இடம் குறைவு. துறைமுகம் வராத சரக்கு தங்கள் அட்டவணையில் வராது.

அப்படியானால் எங்கே தேட வேண்டும்? பி.டி.ஏ. 2917.36 என்ற குறியீட்டிலும், எம்.இ.ஜி. 2905.31இலும், சிப்ஸ் 39ஆம் அத்தியாயத்திலும் இருக்கின்றன. இவை வேதிப்பொருள், பிளாஸ்டிக் பிரிவுகள். ஜவுளிப் புள்ளிவிவரம் என்ற தலைப்பில் தொகுக்கப்படும் வெளியீடுகளில் பொதுவாக இவை இருக்கமாட்டா. மறுமுனையில் 5407 என்ற தொடர் இழைத் துணி, 60ஆம் அத்தியாயப் பின்னல் துணி, 61, 62ஆம் அத்தியாய ஆடைகள். நடுவில் இருக்கும் 5402 என்ற தொடர் இழை நூலையும் 5503 என்ற வெட்டு இழையையும் மட்டும் பார்த்தால் ஓர் ஆற்றின் ஊற்றையும் கழிமுகத்தையும் விட்டுவிட்டு ஒரு பாலத்தடியில் மட்டும் நீரை அளந்ததாக ஆகும்.

சீனாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இன்று உலகச் செயற்கை இழை உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அங்கேதான். ஆனால் நெடுங்காலம் அந்நாடு பாராசைலீனைத் தென் கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வாங்கிக்கொண்டிருந்தது. உள்நாட்டில் பாராசைலீன் ஆலைகளை 2007இல் ஷியாமெனிலும் 2011இல் தாலியனிலும் மக்கள் பெருந்திரளாக எதிர்த்தார்கள். நிலைமை திரும்பியது 2019இல். இழை தயாரித்துக்கொண்டிருந்த தனியார் குழுமங்களே பின்னோக்கிச் சென்று சுத்திகரிப்பு ஆலைகளைக் கட்டின: தாலியன் அருகே ஹெங்லி, ஜோஷான் தீவுக்கூட்டத்தில் ரோங்ஷெங் முன்னின்று கட்டிய வளாகம், புரூணையில் ஹெங்யி. கச்சா எண்ணெயை வாங்கி நூலாக விற்கும் நிறுவனங்கள் அவை. அதன்பின் பாராசைலீன் இறக்குமதி குறைந்தது. அதற்கு முன்பே பி.டி.ஏ. இறக்குமதி ஏறத்தாழ நின்றுபோயிருந்தது. உற்பத்தி கூடக்கூட எல்லை தாண்டும் இடைநிலைப் பொருள் குறையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தீர்வைநூல்

மேலே நண்பர் ஆலைக்குள்ளிருந்து விளக்கியதை நான் சுங்கச்சாவடியின் பக்கத்திலிருந்து தொடர்கிறேன். கோட்டா பற்றிய தங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒற்றை வரி விடை போதாது. கோட்டா முடிந்தது மட்டுமன்று, கோட்டா இருந்த விதமே செயற்கை இழையை வளர்த்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

1961இல் குறுகிய கால ஏற்பாடு, 1962இல் நீண்ட கால ஏற்பாடு என்று தொடங்கியபோது கட்டுப்பாடு பருத்திக்கு மட்டுமே. பருத்தித் துணிக்கு வரம்பு வைத்தால் ஏற்றுமதியாளர் என்ன செய்வார்? வரம்பில்லாத இழைக்கு மாறுவார். ஜப்பான், தென் கொரியா, தைவான், ஹாங்காங் ஆகியவற்றின் ஆலைகள் செயற்கை இழைத் துணிகளையும் கலப்புத் துணிகளையும் பெருக்கின. அதைத் தடுக்கவே 1974இல் வந்த பல்லிழை ஒப்பந்தம் கம்பளியையும் செயற்கை இழைகளையும் வலைக்குள் கொண்டுவந்தது. உடனே அடுத்த ஓட்டை திறந்தது. ராமி என்ற நாரையும் பருத்தியையும் கலந்து பின்னிய ஸ்வெட்டர்கள் சந்தையில் குவிந்தன. 1986இல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது தாவர நார்களையும் பட்டுக் கலவைகளையும் சேர்த்தார்கள். ஒவ்வொரு வேலியும் அடுத்த இழையை வளர்த்திருக்கிறது. இழைகளின் பங்கு மாறியதை நுகர்வோரின் விருப்பம் என்று மட்டும் எழுதிவிட்டால் இந்த வரலாறு மறைந்துபோகும்.

ஒப்பந்தத்தைக் கலைத்த முறையையும் பாருங்கள். 1995 முதல் பத்தாண்டுகளில் நான்கு கட்டங்களாக விலக்க வேண்டும் என்று உலக வணிக அமைப்பின் உடன்படிக்கை சொன்னது: முதலில் 16 விழுக்காடு, 1998இல் 17, 2002இல் 18, எஞ்சிய 49 விழுக்காடு 2005 ஜனவரி முதல் நாளில். எந்தப் பொருளை முதலில் விடுவிப்பது என்ற உரிமை இறக்குமதி செய்யும் நாடுகளிடம் இருந்தது. அவை கட்டுப்பாடே இல்லாத, அல்லது யாரும் அதிகம் வாங்காத பொருள்களை முதலில் கணக்குக் காட்டின. உண்மையில் போட்டி நிறைந்த ஆடைகளைக் கடைசி நாளுக்கு ஒதுக்கின. 2001 டிசம்பரில் உறுப்பினரான சீனா அந்தக் கடைசி நாளின் பலனைப் பெற்றுக்கொண்டது. 2005 கோடையில் ஐரோப்பியத் துறைமுகங்களில் கோடிக்கணக்கான சீன ஆடைகள் சுங்கத்தில் தேங்கிக் கிடந்தன; மறுபடி தற்காலிக வரம்புகள் விதித்து, ஐரோப்பா 2007 வரையிலும் அமெரிக்கா 2008 வரையிலும் நீட்டித்தன. ஆகவே தங்கள் அட்டவணையில் 2005ஐ ஒரு கோடாகப் போட்டு அதற்கு முன், பின் என்று பிரிப்பதைவிட, 2002 முதல் 2008 வரை ஒரு மாறுகாலமாகக் காட்டுவதே சரியாக இருக்கும் என்பது என் கருத்து.

வரியைப் பற்றி ஒன்று. அமெரிக்காவின் வழக்கமான சுங்க அட்டவணையில் பருத்திப் பின்னல் ஸ்வெட்டருக்கு 16.5 விழுக்காடு, அதே ஸ்வெட்டர் செயற்கை இழையில் என்றால் 32 விழுக்காடு. ஏறத்தாழ இரட்டிப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இரண்டுக்கும் 12 விழுக்காடுதான். இவ்வளவு பெரிய வரி வேறுபாடு இருந்தும் செயற்கை இழை ஆடைகள் அமெரிக்கச் சந்தையில் பெருகியிருக்கின்றன என்றால், விலை வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். வரிச்சலுகை கிடைக்கும் ஒப்பந்தங்களின் முழு ஈர்ப்பும் செயற்கை இழை ஆடையில்தான் இருக்கிறது; ஆனால் அந்தச் சலுகைக்கு நூலிலிருந்தே உறுப்பு நாடுகளுக்குள் தயாராக வேண்டும் என்ற தோற்ற விதி 1994இன் வட அமெரிக்க ஒப்பந்தத்திலிருந்து தொடர்ந்து வருகிறது. செயற்கை நூலும் துணியும் கிழக்கு ஆசியாவில் குவிந்திருக்கும்போது, தைக்க மட்டும் தெரிந்த நாடுகளுக்கு அந்தச் சலுகை எட்டாக்கனியாகிவிடுகிறது. இதற்கு மாறாக, ஐரோப்பா 2011 முதல் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு வெளியிலிருந்து வந்த துணியைத் தைத்தாலே போதும் என்று தளர்த்தியது. வங்கதேசத்தின் நெய்த துணி ஆடை ஏற்றுமதிக்கு அது பெரும் துணையாக இருந்தது. ஒரே ஒரு விதி, எந்த நாட்டில் எந்த இழையின் ஆலை அமையும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது; இதைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பஞ்சுப்பேல்

இருவர் சொன்னதும் பயனுள்ளவை. பருத்தியின் தரப்பிலிருந்து எனக்குச் சிலவற்றைச் சேர்க்கத் தோன்றுகிறது.

உலக இழையில் பாலியஸ்டருக்கு உள்ள 57 விழுக்காடு முழுவதும் ஆடைக்குப் போவதில்லை. தலையணைப் பஞ்சு, கம்பளம், வாகன இருக்கை, டயருக்கு உள்ளே வலுவூட்டும் நூல், நெய்யாத துணி எனப் பல திசைகளில் அது பிரிகிறது. ஆகவே "பருத்தி இழந்த இடத்தைப் பாலியஸ்டர் பிடித்தது" என்று நேராக எழுதினால் அது முழு உண்மை ஆகாது. பருத்தி உற்பத்தி குறையவில்லை, 2.5 கோடி டன் அளவில் நெடுநாள் தேங்கி நிற்கிறது. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வளர்ந்துவிட்டது.

ஆனால் பருத்தி உண்மையிலேயே இடம் இழந்த ஒரு காலம் உண்டு. அதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 2009இன் நடுவில் பவுண்டுக்கு 60 சென்ட் அளவில் இருந்த பஞ்சு, 2011 மார்ச்சில் 2 டாலரைத் தாண்டியது. நூற்பாலைகள் திகைத்தன. ஆலை நிர்வாகி அத்தகைய நேரத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான்: கலவையில் பாலியஸ்டரின் பங்கைக் கூட்டுவது. அதே 2011இல் சீன அரசு டன்னுக்கு 19,800 யுவான் என்றும், அடுத்த ஆண்டு 20,400 யுவான் என்றும் விலை நிர்ணயித்து உள்நாட்டுப் பஞ்சை வாங்கிக் குவிக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் உலகக் கையிருப்பில் பாதிக்கு மேல் சீனக் கிடங்குகளில் இருந்தது. உள்நாட்டுப் பஞ்சு விலை அதிகம். குறைந்த வரியில் இறக்குமதி செய்யக்கூடிய பஞ்சுக்கோ ஆண்டுக்கு 8 லட்சத்து 94 ஆயிரம் டன் என்ற வரம்பு. ஆனால் நூலுக்கு அப்படி வரம்பில்லை. இந்தியா, பாகிஸ்தான், வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்து பருத்தி நூல் சீனாவுக்குள் பெருக்கெடுத்தது. சீன நூற்பாலைகளே வியட்நாமில் நூற்புக் கதிர்களை அமைத்தன. மறுபக்கம், சீனாவிலேயே தங்கிய ஆலைகள் பாலியஸ்டருக்கும், மரக்கூழிலிருந்து எடுக்கும் விஸ்கோஸுக்கும் மாறின. 2014இல் அந்தக் கொள்முதல் திட்டம் கைவிடப்பட்டது. மாறிய கலவைகள் திரும்பவில்லை. வாங்குவோர் புதிய துணியின் தொடுகைக்குப் பழகியிருந்தார்கள், சாயப்பட்டறைகள் சாயத்தை மாற்றியிருந்தன, விலைப்பட்டியல்களும் புதிய கலவையை வைத்தே எழுதப்பட்டிருந்தன.

விவசாயியைக் காப்பாற்ற எழுப்பிய விலைச்சுவர் அவருடைய வாடிக்கையாளரை எதிர் இழைக்கு ஓட்டிவிடும் என்பதை உலகம் அதற்கு முன்பே கண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கம்பளி ஆதார விலைத் திட்டம் 1991 பிப்ரவரியில் சரிந்தபோது 47 லட்சம் பேல் கம்பளி கையிருப்பில் நின்றது. அதை விற்றுத் தீர்க்கப் பத்தாண்டுகள் ஆயின. இன்று உலக இழையில் கம்பளியின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் கீழ். பருத்தி விளைவிப்பவர்களின் நலனில் அக்கறை உள்ளவன் என்ற முறையில் இதைக் கவலையோடுதான் எழுதுகிறேன்: ஆதரவு வேண்டும், ஆனால் சந்தை விலையை உயர்த்திப் பிடிக்கும் ஆதரவு இழைக்கு எதிராகவே முடிகிறது.

நூல்நோக்கி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 29, 39ஆம் அத்தியாயங்களைச் சேர்த்து அட்டவணையைத் திருத்தத் தொடங்கிவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள். ஆண்டுத்தொடரில் சில குறியீடுகள் நடுவில் திடீரென்று பூச்சியமாகின்றன. இது தரவுப் பிழையா? மறுசுழற்சிப் பாலியஸ்டரைத் தனியே பிரித்துக் காட்ட வழி உண்டா?

தீர்வைநூல்

தரவுப் பிழை அன்று, குறியீட்டுத் திருத்தம். பாலியஸ்டர் பி.ஓ.ஒய். 2007க்கு முன் 5402.42இல் இருந்தது, பின்பு 5402.46க்கு மாறியது. சிப்ஸ் 2017 வரை 3907.60 என்ற ஒரே எண்ணில் இருந்து, பிசுபிசுப்பு எண்ணை வைத்து 3907.61, 3907.69 என்று இரண்டானது. முன்னது பெரும்பாலும் பாட்டில் தரம், பின்னதில்தான் இழைத் தரம் வரும். ஆகவே 2017க்கு முந்தைய சிப்ஸ் எடையில் பாட்டில்களும் கலந்திருக்கின்றன என்ற குறிப்பு இல்லாமல் அந்த வரிசையை வெளியிடாதீர்கள்.

இன்னொரு நுணுக்கம், இது முடிவுகளையே மாற்றக்கூடியது. கலப்புத் துணியும் ஆடையும் எடையில் எந்த இழை மிகுதியோ அந்த இழையின் கணக்கில் முழுவதுமாகப் பதிவாகும். 60 விழுக்காடு பருத்தியும் 40 விழுக்காடு பாலியஸ்டரும் கொண்ட பனியன் 6109.10இல் பருத்தி ஆடையாகவே போகும். அதிலுள்ள பாலியஸ்டர் எந்தக் கணக்கிலும் தோன்றாது. கலவை சற்றே மாறி 45க்கு 55 ஆனால் மொத்தமும் ஒரே நாளில் மறுபுறம் தாவிவிடும். வணிக மதிப்பிலிருந்து இழைப் பங்கைக் கணக்கிடும் எந்த முயற்சிக்கும் இந்த வரம்பு உண்டு. ஹாங்காங் வழியாகச் செல்லும் மறு ஏற்றுமதியையும் கழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே துணி இருமுறை எண்ணப்படும்.

உருகுநிலை

மறுசுழற்சியைப் பிரிக்க இயலாது. 5503.20 என்ற எண்ணுக்குப் புதிய இழையும் பாட்டிலிலிருந்து எடுத்த இழையும் ஒன்றுதான். ஆறு இலக்க நிலையில் வேறுபாடே இல்லை. ஆலைகள் தரும் சான்றிதழ் அளவுகளை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். 2023இல் பாலியஸ்டரில் ஏறத்தாழ 12 விழுக்காடு மறுசுழற்சி இழை. அதுவும் ஏறக்குறைய முழுவதும் குடிநீர், குளிர்பானப் பாட்டில்களிலிருந்து வந்தது. பழைய ஆடையிலிருந்து மீண்டும் ஆடைக்கான இழை எடுப்பது, எல்லா இழைகளையும் சேர்த்தே ஒரு விழுக்காட்டை எட்டவில்லை. சாயம், எலாஸ்டேன் என்ற நீளும் இழை, கலப்புப் பருத்தி, பித்தான் என்று அனைத்தையும் பிரித்தெடுக்க வேண்டியிருப்பதே தடை. பாட்டில் தெளிந்த ஒரே பொருள், ஆகவே எளிது.

கழிவின் வணிகத்தை மட்டும் தாங்கள் ஓரளவு பின்தொடரலாம். 2018 தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியது. அதுவரை வெளிநாட்டுப் பாட்டில்களைக் கழுவி நசுக்கி வெட்டு இழை எடுத்துவந்த ஆலைகள் பல, தென்கிழக்கு ஆசியாவில் நசுக்கும் பட்டறைகளை அமைத்து, அங்கிருந்து துகளாகவோ சிப்ஸாகவோ வரவழைத்தன. பிளாஸ்டிக் கழிவு பதிவாகும் 3915இல் சரிவும், சிப்ஸ் பதிவாகும் 3907இல் ஏற்றமும் ஒரே நேரத்தில் தெரிந்தால் அதன் ஒரு பகுதி இதுதான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2025 முதல் துணிக்கழிவைத் தனியே சேகரிக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருப்பதால், பழைய துணி வணிகம் பதிவாகும் 6309, 6310 ஆகிய எண்களையும் இப்போதிருந்தே ஒரு பத்தியாகத் தொடங்கி வைத்துக்கொள்வது நல்லது; பின்னால் போய்த் திரட்டுவது கடினம்.